பன்னிரண்டு பழைய கார், திறந்த பொனற்: திருகோணமலையில் ஒரு காலைக் கூடல்

ஜெனீவா மோட்டார் கண்காட்சி 1905 இல் தொடங்கியது. 2024 இல் நடந்ததுதான் அந்த ஊரில் கடைசி. இப்போது புதுக் காரை நிறுவனங்களே இணையத்தில் காட்டிவிடுகின்றன. மண்டபத்துக்குப் போனாலும் கயிற்றுக்கு அப்பால் மூடிய பொனற்தான். கார்ப் பித்துள்ளவருக்கு வேண்டியது எஞ்சின் சத்தமும் சொந்தக்காரரோடு பேச்சும். மொறிஸ் மைனர், ஒஸ்ரின், டட்சன் சன்னி, பெட்டி லான்சர் என்று ஊரிலேயே பன்னிரண்டு சேர்ந்தால் அது கிடைத்துவிடும்.

மாசி, பங்குனியில் ஒரு ஞாயிறு வையுங்கள். மார்கழியில் மழை; ஆனி, ஆடியில் கச்சான் காற்று புழுதியை அள்ளிப் பெயின்ற்றில் போடும். காலை 6 மணிக்குத் தொடங்கி 9.30 க்கு முடிக்க வேண்டும். டச்சு பே கடற்கரை படத்துக்கு அழகு, தகரத்துக்கு ஆகாது: உப்புத் துமி கதவின் அடிவிளிம்பில் தங்கித் துருவைத் தொடக்கிவிடும். கடலுக்குத் தள்ளி, கிரவல் போட்ட வளவே நல்லது. ஆறாறாக இரண்டு வரிசை, பொனற்கள் எதிரெதிரே. கதவு திறக்க ஒரு காருக்கு 4 மீற்றர் அகலம், நீளத்துக்கு 5 மீற்றர், நடுவில் 6 மீற்றர் வழி. ஆக 24க்கு 16 மீற்றர் இடம். ஒழுகும் ஒயிலுக்கு ஒவ்வொரு எஞ்சினுக்குக் கீழும் ஒரு காட்போட் மட்டை. 2 கிலோ உலர்தூள் தீயணைப்பான் இரண்டு, கைக்கெட்டும் தூரத்தில்.

கூடலின் உயிர் குளிர்ந்த எஞ்சினை உயிர்ப்பிக்கும் நேரம்தான். ஓடி வந்த கார் சூடாக இருக்கும், குறையை மறைக்கும். எனவே மூன்று காரையாவது முதல்நாள் பின்னேரமே கொண்டுவந்து, காவலுக்கு ஆள் வையுங்கள். 6.30 க்கு ஒவ்வொன்றாக ஸ்ராட் செய்யுங்கள். எல்லாரும் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். வெள்ளைப் புகை சில நிமிடத்தில் மறைந்தால் வெறும் நீராவி. எஞ்சின் சூடான பிறகும் விடாமல் வந்து, ரேடியேற்றரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கஸ்கெற்றை (எஞ்சின் தலைக்கும் பிளொக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகட்டை) சந்தேகியுங்கள். நீலம் என்றால் ஒயில் எரிகிறது: ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றால் வால்வு சீல் இறுகிவிட்டது. அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க நீலம் என்றால் பிஸ்ரன் றிங் தேய்ந்துவிட்டது. கறுப்பு, சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் இழுப்பு) இழுத்திருப்பதால் வரும். அதை உள்ளே தள்ளியதும் போக வேண்டும். சூடான ரேடியேற்றர் மூடியை யாரும் தொடக்கூடாது, கொதிநீர் முகத்தில் சீறும்.

பெற்றரி இறங்கினால் மிகக் கவனம். பழைய மொறிஸ், ஒஸ்ரின் பலவற்றில் பெற்றரியின் பொசிற்றிவ் முனைதான் காரின் பொடியோடு (உடல் தகரத்தோடு) இணைந்திருக்கும்; டட்சனில் நெகற்றிவ். டட்சனிலிருந்து மின்சாரம் கொடுக்கும்போது பொசிற்றிவுக்குப் பொசிற்றிவ், நெகற்றிவுக்கு நெகற்றிவ், நேரே பெற்றரி முனையிலேயே கொழுவுங்கள். கறுப்பு வயரைப் பொடியில் கொழுவும் பழக்கம் இங்கே நேரடி ஷோர்ட். இரண்டு காரின் பம்பரும் முட்டவே கூடாது.

வெயில் ஏறிய பின் புறப்படும் கார் பாதி வழியில் திக்கித் திக்கி நின்றால், பெற்றோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கும். பொனற்றைத் திறந்து, பம்பிலும் குழாயிலும் ஈரத் துணி சுற்றிக் கால் மணி நேரம் பொறுத்துவிட்டு ஸ்ராட் செய்யுங்கள்.