சிஓ2 ஏர் பிஸ்டல் சீக்கிரம் லீக் ஆகாம இருக்க ஒரு சொட்டு ஆயில்

ஏர் பிஸ்டல்ல 12 கிராம் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) கார்ட்ரிட்ஜ், அதாவது குட்டி கேஸ் குப்பி, மாட்டுறதுக்கு முன்னாடி அதோட கழுத்து முனையில ஒரே ஒரு சொட்டு கிராஸ்மன் பெல்கன் ஆயில் (ஏர்கன்னுக்குன்னே வர்ற பெட்ரோலிய ஆயில்) விட்டுட்டு மாட்டுங்க, ஒவ்வொரு தடவையும். பிஸ்டலுக்குள்ள இருக்கற ஊசி குப்பியைக் குத்தினதும் கேஸ் வேகமா உள்ள பாயும்போது அந்த ஆயிலையும் சேத்து அடிச்சிட்டு போய் வால்வு, சீல் எல்லாத்துலயும் லேசா பூசி விட்டுரும், கையால தொட முடியாத எடத்துக்கெல்லாம் தானா போயிரும். இந்த பிஸ்டல்ல பெரும்பாலும் முதல்ல போறது ரப்பர் சீல்தான், அது காஞ்சு விரிசல் விட்டா கேஸ் கசிய ஆரம்பிச்சிரும், அப்புறம் ரிப்பேர் செலவு தனி.

கார்ட்ரிட்ஜை இறுக்குற ஸ்க்ரூவ, கேஸ் சத்தம் நின்னதும் முறுக்கறத நிறுத்திருங்க, மேல முறுக்கினா சீல் நசுங்கும். டபிள்யூடி-40 (துரு எடுக்கற ஸ்ப்ரே) மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம், சீலை கெடுத்துரும்.

பிசிபி பிஸ்டலுக்கு (முன்கூட்டியே காத்தை அழுத்தி அடைச்சு வெச்சு சுடறது) இந்த ஆயில் கூடவே கூடாது! அதுல இருக்கறது அழுத்தின காத்து, ஆக்சிஜன் இருக்கு, பெட்ரோலிய ஆயில் பட்டா தீப்பிடிச்சு வெடிக்கலாம். சிஓ2ல அந்த பயம் இல்ல. ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுடற விளையாட்டுத் துப்பாக்கி) கிரீன் கேஸ்ல பெரும்பாலும் சிலிகான் ஆயில் முன்னாடியே கலந்திருக்கும், அதுக்கு தனியா தேவைப்படாது.