ஜிஞ்சர்பிரெட்டில் ஒரு கண்ணாடி வீடு

ஜிஞ்சர்பிரெட் என்ற இஞ்சி மணமுள்ள கெட்டி பிஸ்கட்டால் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் வழக்கமான வீட்டில், சாய்கூரையிலிருந்து வழியும் ஐசிங் என்ற சர்க்கரைப் பூச்சும் அதில் ஒட்டிய மிட்டாய்களும் கோணல்மாணல்களை மறைத்துவிடும். தட்டைக் கூரையும் கண்ணாடிச் சுவர்களும் கொண்ட நவீன வீட்டில் அந்தச் சலுகை கிடையாது. அலங்காரத்துக்குச் செலவிடும் நேரத்தை இங்கே அளவெடுப்பதற்குச் செலவிட வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பிளானோ என்ற ஊருக்கு அருகே கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1951இல் கட்டி முடிக்கப்பட்ட ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம் இதற்கு மிகப் பொருத்தமான மாதிரி.

ஏறத்தாழ 77 அடி நீளமும் 28 அடி அகலமும் கொண்ட அந்த வீட்டை, ஓர் அடிக்கு 4 மி.மீ. என்று சுருக்கினால், தளமும் கூரையும் தலா 30.8 செ.மீ. நீளமும் 11.2 செ.மீ. அகலமும் கொண்ட பலகைகளாகின்றன. பக்கத்துக்கு நான்காக நிற்கும் எட்டுத் தூண்களுக்கிடையே 8.8 செ.மீ. இடைவெளி விட்டால், இரு முனைகளிலும் 2.2 செ.மீ. தாங்கலின்றி நீண்டிருக்கும், வீடு மிதப்பதுபோல் தோன்றுவதற்கு இந்த நீட்சியே காரணம் என்பதால் இதைக் குறைத்துவிடக் கூடாது. ஆற்றோர வெள்ளத்துக்கு அஞ்சி ஐந்தடிக்குச் சற்று மேலாக உயர்த்தப்பட்ட தளம் நமக்கு 2.1 செ.மீ. உயரத்தில் அமையும். உள்ளறை உயரம் 3.8 செ.மீ.

மாவுக்கு 600 கிராம் மைதா, 150 கிராம் வெண்ணெய், 150 கிராம் பழுப்புச் சர்க்கரை, 300 கிராம் மொலாசஸ் (கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கருப்புப் பாகு), ஒரு மேசைக்கரண்டி சுக்குத் தூள், இரண்டு தேக்கரண்டி பட்டைத் தூள், சிறிது கிராம்புத் தூள், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை போதும். சோடா உப்போ பேக்கிங் பவுடரோ சேர்க்கவே கூடாது. உப்பிய பலகை நேர்விளிம்பை இழந்துவிடும். பிசைந்ததை ஒரு மணி நேரம் குளிரவைத்து, பட்டர் பேப்பரின் மேலேயே 6 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து வெட்டி, அந்தத் தாளோடு தட்டுக்கு மாற்றுங்கள். கையால் தூக்கினால் செவ்வகம் இணைகரமாகிவிடும். 175 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் சுட்டு, வெளியே எடுத்த சூட்டிலேயே காகித அச்சை மேலே வைத்து விளிம்புகளை மறுபடி வெட்டி, இன்னொரு தட்டைக் கவிழ்த்து ஆறவிடுங்கள். தூண்களைத் தனித்தனியாகச் சுடுவதைவிட, சுட்ட பலகையிலிருந்து ரம்பப்பல் கத்தியால் 7 செ.மீ. நீளக் குச்சிகளாக அறுத்துக்கொள்வதே நல்லது. எல்லாத் துண்டுகளும் ஒரு நாள் முழுவதும் திறந்தபடி உலரட்டும்.

கண்ணாடிக்கு மிட்டாயை உருக்கி ஊற்றுவது எளிது. ஆனால் ஈரக்காற்றில் அது விரைவிலேயே பிசுபிசுத்து வளையும். சர்க்கரைக்கு மாற்றாகப் பயன்படும் ஐசோமால்ட் ஈரத்தை அவ்வளவாக இழுப்பதில்லை. அதை உருக்கி, சிலிக்கான் விரிப்பில் 3 மி.மீ. கனத்துக்கு ஊற்றி, இறுகத் தொடங்கும்போது எண்ணெய் தடவிய கத்தியால் 3.8 செ.மீ. உயரப் பட்டைகளாக வெட்ட வேண்டும். தோலில் பட்டால் ஆழமாகச் சுடும் என்பதால், குழந்தைகளை இந்த வேலையில் சேர்க்க வேண்டாம்.

அசல் வீட்டில் தூண்கள் தளத்துக்கு அடியில் நிற்பதில்லை. பக்கவாட்டில் வெளியே நின்று, பற்றவைப்பால் தளத்தையும் கூரையையும் பிடித்திருக்கின்றன. எஃகுக்குச் சாத்தியமான இதை ஐசிங்கிடம் எதிர்பார்க்க முடியாது; ஆகவே சிறிது மோசடி தேவைப்படுகிறது. விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி 2.1 செ.மீ. உயர ஜிஞ்சர்பிரெட் கட்டைகளை நட்டு, அவற்றின் மீது தளத்தை அமர்த்துங்கள். நிழலில் அவை கண்ணுக்குப் படா. வீட்டின் நடுவே, சமையலறையையும் குளியலறைகளையும் அடக்கிய மரப்பெட்டி போன்ற பகுதியைப் பின்சுவரை நெருங்கி 3.8 செ.மீ. உயரத்தில் வைத்தால், அது நம் கூரைக்குத் தாங்கலாகிவிடும். அந்தப் பகுதிக்கு மட்டும் ஐசிங் பூசாமல் பழுப்பு நிறத்தையே விட்டுவிடலாம்.

ஒட்டுவதற்கு இரண்டு முட்டை வெள்ளைக்கருவில் 450 கிராம் ஐசிங் சர்க்கரையும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் கெட்டியாக அடித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கைத் தண்ணீர் விட்டு இளக்கி, ஒட்டுவதற்கு முந்தைய நாளே தளம், கூரை, தூண்களுக்கு மெல்லிய வெள்ளைப் பூச்சாகத் தடவி உலரவிட வேண்டும். பிறகு மரப்பெட்டி, கண்ணாடி, கூரை, கடைசியாகத் தூண்கள் என்ற வரிசையில் ஒட்டலாம். மேற்கு முனையிலுள்ள திறந்த தாழ்வாரத்தில் கூரையைத் தாங்கச் சுவர் இல்லாததால், ஐசிங் இறுகும்வரை அங்கே 3.8 செ.மீ. உயரத்துக்கு அட்டைத் துண்டுகளை அடுக்கி முட்டுக் கொடுங்கள்.

இவ்வளவையும் வளையாத கனமான பலகையின் மேல் கட்டுவது அவசியம். தூக்கும்போது அடிப்பலகை சற்று வளைந்தாலும் முதலில் விரிசல் விடுவது கண்ணாடிதான்.