கோடை நீச்சல் வகுப்பு: பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள்

ஏப்ரல் பிறந்தால் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான். "பக்கத்தில் நல்ல நீச்சல் வகுப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு வாங்குகிறார்கள்?" பதிலாக ஒரு கைபேசி எண் வரும், ஒரு தொகை வரும், காலை பேட்ச், மாலை பேட்ச் நேரம் வரும். தண்ணீர் எப்படி இருந்தது, ஒரு மாஸ்டரிடம் எத்தனை பிள்ளைகள் என்று யாரும் எழுதுவதில்லை, யாரும் கேட்பதும் இல்லை.

என் மகளை ஐந்து வயதில் முதன்முதலாகச் சேர்த்தபோது நானும் அப்படி எண்ணை வாங்கித்தான் சேர்த்தேன். மூன்றாம் நாள் மாஸ்டர் அவளைத் தூக்கி ஆழமான பக்கத்தில் போட்டார். "பயம் போகணும்னா இதுதான் வழி" என்றார். பயம் போகவில்லை. அதற்கப்புறம் பல மாதங்கள் வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலே அலறுவாள். அடுத்த கோடையில் வேறு குளம், வேறு மாஸ்டர். அந்த அம்மா முதல் இரண்டு நாளும் பிள்ளைகளைப் படியில் உட்கார வைத்து, வாயைத் தண்ணீருக்குள் வைத்து ஊதி முட்டை விடச் சொன்னார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் என் மகள் தானாகவே முகத்தை முழுவதும் உள்ளே விட்டாள்.

தூக்கிப் போடுவதை நியாயப்படுத்துகிறவர்கள் எல்லோரும் ஊர்க் கிணற்றைத்தான் சொல்வார்கள். "எங்களை மாமா கிணற்றில் தூக்கிப் போட்டுத்தான் கற்றுக்கொடுத்தார்." சரி, ஆனால் அந்தக் காட்சியை முழுதாக நினைத்துப் பாருங்கள். இடுப்பில் கயிறு இருந்தது. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையோ மூடி இறுக்கிய பிளாஸ்டிக் கேனோ கட்டியிருந்தது. மாமா முன்னாலேயே தண்ணீருக்குள் இறங்கி நின்றார். படிப்படியாகத்தான் கயிற்றைத் தளர்த்தினார்கள். நினைவில் தூக்கிப் போட்டது மட்டும் தங்கிவிட்டது, கயிறு மறந்துவிட்டது. குழந்தையைக் கட்டாயப்படுத்தி முக்குகிற இடம், எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும், வேண்டாம்.

அதனால்தான் சொல்கிறேன்: பணம் கட்டுவதற்கு முன் ஒரு முழு வகுப்பை ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். நீங்கள் சேர்க்கப்போகும் அதே பேட்சைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எட்டுப் பேர் இருக்கும் குளம் மாலை ஐந்து மணிக்கு வேறு இடமாக இருக்கும். "பெற்றோர் உள்ளே வரக்கூடாது" என்று ஒரு இடம் சொன்னால், சின்னப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு நாள் கணக்கு

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் குளங்களில் கோடைப் பயிற்சியைப் பெரும்பாலும் பன்னிரண்டு நாள் கொண்ட பேட்சுகளாக நடத்துகிறார்கள். தனியார் குளங்களிலும் 10 நாள், 15 நாள், 21 நாள் என்று ஏதோ ஒரு கணக்கு இருக்கும். முகாம் முடிந்தால் "பிள்ளை நீச்சல் கற்றுக்கொண்டான்" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். நான் பார்த்த தவறுகளிலேயே ஆபத்தானது இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேர வகுப்பு, ஒரு மாஸ்டர், பதினைந்து பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு அவர் கை படுவது நான்கு நிமிடம். பன்னிரண்டு நாளுக்கு 48 நிமிடம். மீதி நேரம் எல்லாம் குழந்தை ஓரக் கம்பியைப் பிடித்துக் காலை உதைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருக்கும். ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் ஒரு மாஸ்டருக்கு ஐந்தாறு பேருக்கு மேல் இருக்கும் வகுப்பில் நான் சேர்க்க மாட்டேன். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. நாள் கணக்கைக் குறைத்துக்கொண்டாவது சின்ன பேட்சில் சேருங்கள்.

அப்புறம், எதைக் கற்றுத் தருகிறார்கள் என்பது. பல இடங்களில் முதல் வாரமே ஃப்ரீஸ்டைல் கை வீச்சு தொடங்கிவிடும். வீடியோ எடுத்துத் தாத்தா பாட்டிக்கு அனுப்ப அது அழகாக இருக்கும். ஆனால் தவறித் தண்ணீரில் விழும் குழந்தைக்குத் தேவை வேறு. விழுந்தால் மேலே வர வேண்டும். மல்லாந்து மிதந்து மூச்சு வாங்க வேண்டும். திரும்பி, வந்த ஓரத்தையே தேடிப் பிடிக்க வேண்டும். ஏணி இல்லாத இடத்திலும் முழங்கையை ஊன்றி ஏறி வெளியே வர வேண்டும். இந்த நான்கையும் எப்போது சொல்லித் தருவீர்கள் என்று மாஸ்டரிடம் நேராகக் கேளுங்கள். நல்ல மாஸ்டர் இந்தக் கேள்வியைக் கேட்டால் மகிழ்வார். முகாமின் கடைசி நாளில் டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் போட்டபடி ஒரு முறை மிதக்க வைக்கச் சொல்லுங்கள். நனைந்த துணி எப்படி இழுக்கிறது என்பது குழந்தைக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

1994-ஆம் ஆண்டில், ஒரே வருடத்தில் ஆறு நீரிணைகளை நீந்திக் கடந்த குற்றாலீஸ்வரனை நினைத்துப் பிள்ளையை முதல் முகாமிலேயே போட்டிக்குத் தயார்செய்ய நினைக்கும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். ஆசை நல்லதுதான். ஆனால் மிதக்கவே தெரியாத பிள்ளைக்கு நேரம் குறிக்கும் கடிகாரம் வேண்டாம்.

வயது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு வயதுக் குழந்தையைப் பெற்றோர் கூடவே இறங்கித் தண்ணீரில் பழக்கலாம். அது பழக்கம், நீச்சல் அல்ல. சொன்னதைக் கேட்டுச் செய்து முறையாகக் கற்கும் பக்குவம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான்கு வயது வாக்கில்தான் வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று வயதில் நீந்துகிறதே என்று அவசரப்பட வேண்டாம். ஆறு வயதில் தொடங்கினாலும் எதையும் இழக்கவில்லை.

தண்ணீரைப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள்

குளோரின் வாடை தூக்கலாக அடித்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை கிட்டத்தட்ட நேர்மாறு. குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமின் என்ற பொருளாக மாறும்போதுதான் மூக்கைத் துளைக்கும் அந்த வாடை வருகிறது. கண் எரிச்சலுக்கும் அதுவே காரணம். ஆழமான பக்கத்தில் நின்று குனிந்து பாருங்கள். அடியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும், உடையாமல் பொருந்தியிருக்க வேண்டும். தெரியாத அளவு கலங்கல் என்றால் சுகாதாரம் ஒரு பக்கம் இருக்கட்டும், அடியில் ஒரு குழந்தை கிடந்தாலும் யாருக்கும் தெரியாது.

குளோரின் அளவும், தண்ணீரின் அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் பிஎச் அளவும் எழுதி வைக்கும் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். பிஎச் 7.2 முதல் 7.8 வரை, குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு) வரை இருப்பது வழக்கமான நல்ல அளவு. மே மாதக் கூட்டத்தில் காலையில் சரியாக இருந்த தண்ணீர் மாலையில் அப்படி இருக்காது. ஆகவே ஒரு நாளில் எத்தனை முறை சோதிக்கிறார்கள் என்பதையும் கேட்கலாம். நம் பக்கமும் கடமை உண்டு. இறங்குவதற்கு முன் குளிக்க வைத்து, கழிப்பறைக்குப் போய்வரச் செய்யுங்கள். வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையை, பணம் கட்டிவிட்டோமே என்று அனுப்பாதீர்கள்.

யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

2012 ஆகஸ்டில் சென்னையில் ஒரு பள்ளியின் நீச்சல் குளத்தில், பயிற்சி நேரத்திலேயே, நான்காம் வகுப்புச் சிறுவன் இறந்தான். ஆட்கள் இருந்த இடத்தில்தான் அது நடந்தது. மூழ்குகிறவர்கள் கையை ஆட்டிக் கத்துவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மூச்சு வாங்கவே வாய் போதாதபோது கத்த முடியாது. குழந்தை நிமிர்ந்த நிலையில், தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, சத்தமே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும்.

அதனால் மாஸ்டர் சொல்லித் தருகிறார், அவரே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட வேண்டாம். ஒரு பிள்ளையைப் பிடித்திருக்கும் மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் பதினான்கு பேர் இருக்கிறார்கள். தண்ணீரை மட்டுமே பார்ப்பதற்கென்று தனியாக ஒரு உயிர்காப்பாளர் இருக்க வேண்டும். மிதவை வளையமும் நீளமான கழியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பூட்டிய அறையில் அல்ல. குழந்தைகளுக்கு மார்பை அழுத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முதலுதவியில் அங்கே யாருக்குப் பயிற்சி இருக்கிறது என்று பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூழ்கியவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பதும் தோளில் போட்டுச் சுற்றுவதும் இன்னும் நடக்கிறது. அவர்களுக்குத் தேவை காற்று. அந்த நிமிடங்களை வயிற்றில் வீணாக்கக் கூடாது. 108-க்கு அழைப்பதும் மூச்சு கொடுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

நாமும் ஓரத்தில் உட்கார்ந்தால் கைபேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். அடுக்குமாடிக் குளங்களில் இது இன்னும் முக்கியம். அங்கே மாஸ்டர் வகுப்பு முடித்துக் கிளம்பியதும் பிள்ளைகள் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று தண்ணீரிலேயே இருப்பார்கள், பார்க்க ஆளே இருக்காது. கையில் மாட்டும் காற்றுப் பட்டை, வாத்து டியூப் எல்லாம் விளையாட்டுச் சாமான்கள். அவற்றை நம்பிக் கண்ணை எடுக்கக் கூடாது. தம் பிடிக்கும் போட்டியை விளையாட்டாகக்கூட அனுமதிக்காதீர்கள். மயக்கம் எந்த அறிகுறியும் காட்டாமல் வரும்.

இன்னொன்றையும் தயங்காமல் பேச வேண்டும். நீச்சல் சொல்லிக்கொடுக்கக் குழந்தையைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். வயிற்றுக்கடியில் கை கொடுப்பார்கள், தோளைப் பிடிப்பார்கள் என்று முன்பே சொல்லி, எங்கே தொடக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். உடை மாற்றும் அறைக்கு நீங்களே கூடப் போங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் வருவது நடந்த பிறகு. பெண் குழந்தைகளுக்குப் பெண் மாஸ்டர் வேண்டும் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சின்ன விஷயங்கள் சில. இளநீல, வெள்ளை நீச்சல் உடைகள் தண்ணீருக்குள் மறைந்துவிடும். ஆரஞ்சு, சிவப்பு, பளிச்சென்ற மஞ்சள் வாங்குங்கள். கத்திரி வெயிலில் பதினோரு மணி பேட்ச் வேண்டாம். ஆஸ்துமா, வலிப்பு, காதுத் தொல்லை இருந்தால் விண்ணப்பத்தில் எழுதியதோடு விடாமல் மாஸ்டரிடம் நேரில் சொல்லுங்கள். குளித்தபின் காதைத் துண்டால் துடைத்தால் போதும், பட்ஸ் விட வேண்டாம்.

முகாம் முடிந்து ஊருக்குப் போகும்போது

மே கடைசியில் முகாம் முடியும். அடுத்த வாரமே பிள்ளைகள் பாட்டி ஊருக்குப் போவார்கள். அங்கே கிணறு இருக்கும், ஏரி இருக்கும், ஆறு இருக்கும். "எனக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்ற தைரியமும் புதிதாக இருக்கும். குளத்தில் அடி தெரியும், ஓரம் பத்தடியில் இருக்கும், தண்ணீர் ஓடாது. கோடையில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போதே, மணல் அள்ளிய குழியில் கால் போய் ஆளே மூழ்கிவிடலாம். கல்குவாரிக் குட்டையில் ஏறி வரப் படியே இருக்காது. கடலின் இழுப்புக்குப் பன்னிரண்டு நாள் நீச்சல் எந்த வகையிலும் ஈடாகாது.

பேருந்து ஏற்றும் முன்பே பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லுங்கள், பாட்டி தாத்தாவிடமும் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி ஆழம் பார்த்து நிற்காத இடத்தில் இறங்கக் கூடாது. கூட வந்த பிள்ளை தத்தளித்தால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேராக மூழ்குவது அப்படித்தான். கரையில் படுத்துக்கொண்டு துண்டையோ கயிற்றையோ கழியையோ நீட்ட வேண்டும், காலியான தண்ணீர் கேன் கிடந்தால் மூடியை இறுக்கி வீச வேண்டும், தொண்டை கிழியக் கத்தி ஆளைக் கூப்பிட வேண்டும். ஜூனில் திரும்பி வந்ததும், வாரம் ஒரு நாளாவது குளத்துக்குப் போகும் ஏற்பாட்டை, முகாமில் சேர்க்கும்போதே மாஸ்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.