1000 கஜ இலக்குக்கு எந்தத் தோட்டா?

தொலைதூர இலக்குச் சுடுதலுக்குப் புதிதாக வருபவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "எந்தத் தோட்டா அதிக தூரம் போகும்?" என்பதுதான். அதை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்து மூன்று விஷயங்களை எழுதுங்கள். உங்களுக்குக் கிடைக்கும் ரேஞ்ச், அதாவது சுடுதளம், எத்தனை மீட்டர்? நீங்கள் கலந்துகொள்ள நினைக்கும் போட்டியின் விதி எதை அனுமதிக்கிறது? ஒரு வருடத்தில் எத்தனை தோட்டா நிஜமாகவே சுடுவீர்கள்? மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை, ஆனால் அதுதான் மற்ற இரண்டையும்விட முக்கியம். தூரம் கூடக் கூட நம்மைத் தோற்கடிப்பது காற்று, காற்றைப் படிப்பதோ சுட்டுச் சுட்டு மட்டுமே கைவரும் வித்தை. ஆகவே கையும் தோளும் பர்ஸும் சலித்துப்போகாமல் நிறையச் சுடக்கூடிய தோட்டாதான் நல்ல தோட்டா.

இங்கே தோட்டா என்று நான் சொல்வது பித்தளை கேஸ் (கூடு), தீப்பொறி தரும் பிரைமர், வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழு உருப்படியை. பேரலை (துப்பாக்கிக் குழலை) விட்டுப் பறந்து போகும் முன்பகுதி மட்டும்தான் குண்டு. இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பாதி வாக்குவாதமே வருகிறது.

முதலில் புவியீர்ப்பைப் பற்றிய பயத்தைப் போக்கிவிடலாம். 100 கஜத்தில் ஜீரோ செய்த, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த, .308 வின்செஸ்டர் (இப்படி வரும் பெயர்கள் தோட்டா வகைகள், எண் ஏறக்குறைய குண்டின் விட்டம்: .308 என்றால் அங்குலத்தில், 6.5 என்றால் மில்லிமீட்டரில்) 1000 கஜத்தில், அதாவது 914 மீட்டரில், ஏறக்குறைய பத்து மீட்டர் இறங்கியிருக்கும், 6.5 கிரீட்மூர் எட்டு மீட்டர் சொச்சம் இறங்கியிருக்கும். கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் அது இன்றைக்கும் நாளைக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான் இறங்கும், ஸ்கோப்பின் திருகைக் கணக்குப் பார்த்துத் திருப்பினால் வேலை முடிந்தது. காற்று அப்படி ஒரு இடத்தில் நிற்காது. பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது என்று வையுங்கள். நொடிக்கு 790 மீட்டரில் கிளம்பும் 175 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) .308 குண்டை அது 1000 கஜத்தில் இரண்டரை மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். நொடிக்கு 825 மீட்டரில் கிளம்பும் 140 கிரெயின் 6.5 குண்டு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும்.

வித்தியாசம் முக்கால் மீட்டர், சின்ன விஷயம் இல்லை. ஆனால் இதையும் பாருங்கள்: காற்றை மணிக்கு 3 கிலோமீட்டர் மட்டும் தப்பாகக் கணித்தால்கூட .308 அரை மீட்டர் விலகும், 6.5 கிரீட்மூர் நாற்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைய விலகும். ரைஃபிளைத் தாங்கியில் வைத்துப் படுத்துச் சுடும் அமெரிக்க எஃப்-கிளாஸ் போட்டியின் 1000 கஜ இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம், நடுவிலிருந்து ஓரத்துக்கு 13 சென்டிமீட்டர்கூட இல்லை. அப்படியென்றால் இரண்டுமே பத்துக்கு வெளியேதான் விழும். நல்ல தோட்டா உங்கள் தவறைக் கொஞ்சம் மன்னிக்கும், தவறையே இல்லாமல் ஆக்காது. புதிய காலிபருக்கு, அதாவது வேறு அளவுத் தோட்டாவுக்கு, செலவழிக்க நினைக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

சரி, காற்றை எதிர்த்து நிற்க வைப்பது எது? குண்டின் வடிவமும் எடையும் சேர்ந்த பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட், சுருக்கமாக பி.சி. எண். மெலிந்து நீண்ட, கூர்மையான, பின்பக்கம் படகின் பின்புறம் போலக் குறுகிய குண்டுக்கு இந்த எண் அதிகம். இந்த எண்ணை ஜி1, ஜி7 என்று இரண்டு மாதிரிக் குண்டுகளோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவார்கள். பெட்டியின் மேல் பெரும்பாலும் ஜி1 எண்ணைத்தான் பெரிதாகப் போடுவார்கள், அது பார்க்கப் பெரிய எண்ணாக இருக்கும். நீண்ட போட்டிக் குண்டுகளை ஒப்பிட ஜி7 எண்தான் பொருத்தம், ஏனென்றால் அதன் அடிப்படைக் குண்டின் வடிவம் நாம் சுடுவதை ஒத்தது. 175 கிரெயின் .308 போட்டிக் குண்டின் ஜி7 சுமார் 0.24, 140 கிரெயின் 6.5 குண்டுக்கு சுமார் 0.32. எடை குறைந்த குண்டுக்குக் கூடுதல் பி.சி.! விட்டம் சிறுத்து நீளம் கூடியதால் கிடைத்த லாபம் இது. ஒரு காலிபரின் ஜி1 எண்ணையும் இன்னொன்றின் ஜி7 எண்ணையும் மட்டும் ஒப்பிட்டுவிடாதீர்கள், அப்படிக் குழம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

நீண்ட குண்டு வேண்டுமென்றால் அதைச் சுழற்றப் பேரலின் புரியும் (உள்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளம்) வேகமாக இருக்க வேண்டும். 6.5-இல் 140 கிரெயின் வகைக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, .223-இல் 80 கிரெயினைத் தாண்டினால் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று, .308-இல் 175 கிரெயினுக்கு 10 அல்லது 11 அங்குலம். பழைய ரைஃபிள் வாங்கப் போகிறவர்கள் இதைக் கேட்காமல் காசை எண்ணி வைக்க வேண்டாம். மெதுவான புரியில் நீண்ட குண்டைச் சுட்டால் இலக்குக் காகிதத்தில் வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித்துவாரம் மாதிரி நீண்ட கிழிசல் விழும். குண்டு தலைகுப்புறப் புரண்டு போயிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு விஷயத்தைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். .260 ரெமிங்டனையும் 6.5 கிரீட்மூரையும் ஒன்றன்பக்கம் ஒன்றாக மேசையில் நிறுத்துங்கள். முன்னது 1997-இல் வந்தது, பின்னது 2007-இல் வந்தது, இரண்டும் ஒரே விட்டக் குண்டைத்தான் சுடுகின்றன, வேகத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் .260-இன் கேஸ் 2.035 அங்குலம், கிரீட்மூரின் கேஸ் 1.920 அங்குலம். ஷார்ட் ஆக்‌ஷன் (குட்டை இயங்குபொறி) ரைஃபிளின் மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், முழுத் தோட்டாவுக்குக் கிடைக்கும் இடம் கிட்டத்தட்ட 2.8 அங்குலம்தான் என்பதால், .260-இல் நீண்ட குண்டின் வயிற்றுப்பகுதிவரை கேஸுக்குள் அழுத்தி மருந்தின் இடத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கிரீட்மூரில் அதே குண்டு கழுத்தில் உட்கார்ந்துகொண்டு முன்னால் தாராளமாக நீட்டி நிற்கும். அத்துடன் தொடக்கத்திலிருந்தே 8 அங்குலப் புரியும் கடையில் தயாராகக் கிடைத்த போட்டித் தோட்டாவும் சேர்ந்துகொண்டதால் கிரீட்மூர் ஊரெல்லாம் பரவியது. தூள்கிளப்பும் சக்தியால் அது ஜெயிக்கவில்லை, அளவு சரியாக அமைந்ததால் ஜெயித்தது.

குண்டு ஒலியின் வேகத்தை நெருங்கும் இடத்தையும் பார்த்துவிட வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர். குண்டு அதைவிட வேகமாக இருக்கும்வரை ஒழுங்காகப் பறக்கும், அந்த எல்லையை நெருங்கும்போது சில குண்டுகள் தள்ளாடும். .308-இன் 168 கிரெயின் போட்டிக் குண்டு 300 மீட்டர் போட்டிக்காகப் பிறந்தது, அங்கே அருமையாகச் சுடும், ஆனால் அதை 1000 கஜத்துக்கு எடுத்துப் போனால் கடைசிக் கட்டத்தில் சிதறிப் போகும் என்பது பழைய ஆட்களுக்குத் தெரிந்த பாடம். 175 கிரெயினும் கடல்மட்டத்தில் 1000 கஜத்தை அடையும்போது ஒலி எல்லையை ஒட்டித்தான் வருகிறது, தாங்கிவிடும், அவ்வளவே. 6.5-இன் 140 கிரெயின் அங்கே இன்னும் நல்ல வேகத்தோடு போகிறது. ஆக, நீங்கள் சுடும் அதிகபட்ச தூரத்திலும் குண்டு ஒலியைவிடக் கணிசமாக வேகமாக இருக்கிறதா என்று ஏதாவது ஒரு பாலிஸ்டிக் ஆப்பில் போட்டுப் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

இனி பேரலின் ஆயுள். நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். குண்டு பேரலுக்குள் இருக்கும் நேரம் சுமார் ஒன்றரை மில்லி நொடி. 3000 தோட்டா சுட்ட பேரல் மொத்தமாக வேலை செய்தது நாலு, ஐந்து நொடிதான்! அந்த நொடிகளில் தோட்டா உட்காரும் சேம்பருக்கு முன்னால் இருக்கும் தொண்டைப் பகுதி படும் பாட்டை போர்ஸ்கோப் (பேரலுக்குள் பார்க்கும் கருவி) விட்டுப் பார்க்க வேண்டும். 2000 தோட்டாவைத் தாண்டிய என் 6.5 பேரலைப் பார்த்தபோது, புரி தொடங்கும் இடம் வறண்ட ஏரிப் படுகை மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது, புரியின் கூர்மையான விளிம்பு மழுங்கி முன்னால் தள்ளிப்போயிருந்தது. அது இன்னும் நன்றாகத்தான் சுட்டுக்கொண்டிருந்தது, ஆனால் அடுத்த பேரலுக்குச் சொல்லி வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

சின்னத் துளை வழியாக நிறைய மருந்து எரிந்தால் தொண்டை சீக்கிரம் போகும், இதுதான் விதி. போட்டித் துல்லியம் என்று பார்த்தால் .308 பேரல் 5000 தோட்டா அளவுக்குத் தாங்கும், 6.5 கிரீட்மூர் 2000 முதல் 3000, 6 மில்லிமீட்டர் கிரீட்மூர் அதில் பாதி, 6.5-284 ஆயிரத்தை ஒட்டி. வேகமாகச் சுட்டுச் சூடேற்றினால் இவை எல்லாம் குறையும். முதலில் எழுதிய மூன்றாவது பதிலை இப்போது எடுங்கள். வருடத்துக்கு 1500 தோட்டா சுடுகிறவர் 6.5-284 எடுத்தால் ஒரு சீசன் முடியும் முன்பே பேரல் மாற்ற வேண்டும். மாற்றும் செலவைப் பார்த்து அவர் பயிற்சியைக் குறைப்பார். காற்றைப் படிக்கும் கண் மங்கிப்போகும். அந்த வேகமான தோட்டா கொடுத்த லாபம் முழுக்க அங்கேயே கரைந்துவிடும்.

உதைப்பும் இதே மாதிரிதான். பெரிய மேக்னம் தோட்டாவைப் படுத்துக்கொண்டு இருபது முறை சுட்டுப் பாருங்கள், இருபத்தொன்றாவது முறை ட்ரிகரைத் தொடும்போது கண் இமை தானாக இறுகும். எனக்கு ஒரு .300 மேக்னத்தில் இது நேர்ந்து, அந்தப் பழக்கத்தை உதறுவதற்கு .22-ஐ வைத்துக்கொண்டு பல மாதம் பாடுபட்டேன். உதைப்பு குறைந்த தோட்டாவில் இன்னொரு பெரிய நன்மையும் உண்டு: சுட்ட பிறகும் ஸ்கோப் இலக்கை விட்டு நகராது, குண்டு எங்கே பட்டது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்து அடுத்ததைத் திருத்தலாம். தடைகளின் மேல் வைத்துச் சுடும் பிஆர்எஸ் போட்டிகளில் 6 மில்லிமீட்டர் டாஷர், 6 ஜிடி போன்ற சின்னத் தோட்டாக்கள் கோலோச்சுவதற்குக் காரணம் இதுதான்.

போட்டி விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்-கிளாஸின் எஃப்-டிஆர் பிரிவில் .223 ரெமிங்டனும் .308 வின்செஸ்டரும் மட்டும்தான், பேச்சே இல்லை. அதன் இன்னொரு பிரிவான எஃப்-ஓபனில் சர்வதேச விதிப்படி 8 மில்லிமீட்டர் வரை விடுவார்கள், அங்கே 180 கிரெயின் 7 மில்லிமீட்டர் குண்டைச் சுடும் .284 வின்செஸ்டர் வகைகள் பெயர்பெற்றவை. பிஆர்எஸ்ஸில் .30 காலிபருக்கு மேலும் நொடிக்கு 975 மீட்டருக்கு மேலும் கூடாது. 300 மீட்டர் சர்வதேசப் போட்டியில் பத்துப் புள்ளி வளையம் 10 சென்டிமீட்டர்தான், அதற்கு 6 மில்லிமீட்டர் பிஆர் நார்மா போன்ற அடக்கமான தோட்டா போதும். இதற்கெல்லாம் முன்னால் உங்கள் உரிமம் எந்தக் காலிபரை அனுமதிக்கிறது, உங்கள் ரேஞ்ச் எந்த அளவு சக்திவரை விடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில நாடுகளில் ராணுவக் காலிபர்களுக்கே தடை உண்டு, பல ரேஞ்சுகளில் .338 லாபுவா மேக்னத்தை உள்ளேயே விடமாட்டார்கள்.

அப்புறம் எதைத்தான் வாங்குவது என்றால், என் பதில் இது. 600 மீட்டர்வரைதான் ரேஞ்ச், செலவு குறைய வேண்டும், நிறையச் சுட வேண்டும் என்றால் 7 அங்குலப் புரி உள்ள .223. காற்று அதை ஆட்டிப்படைக்கும், அதனாலேயே அது நல்ல வாத்தியார். 1000 கஜம், கடையில் வாங்கும் தோட்டா, ஒரே ரைஃபிள் என்றால் 6.5 கிரீட்மூர், யோசிக்கவே வேண்டாம். எஃப்-டிஆர் ஆசை இருந்தாலோ, பேரல் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்றாலோ .308, 1952-இல் வந்த தோட்டா என்பதற்காக அதைத் தள்ளிவிடாதீர்கள், அதில் 1000 கஜம் அடிக்கக் கற்றவர் வேறு எதிலும் அடிப்பார். டாஷர் வகைக்குப் போவதென்றால் தோட்டாவை நீங்களே நிரப்பும் பழக்கமும் கருவிகளும் பொறுமையும் முதலில் வேண்டும். மேக்னங்களை 1000 கஜத்துக்கு அப்பால் சுட இடமும் தேவையும் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு வசதி: .308, 6.5 கிரீட்மூர், 6 பிஆர் மூன்றுக்கும் கேஸின் அடிவிட்டம் ஒன்றே, போல்ட்டை (தோட்டாவின் அடியைப் பிடித்து மூடும் பாகத்தை) மாற்றாமல் பேரலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் பேரலில் பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு பெட்டியையும் பிரிக்கும்போது பாருங்கள், இதில் அசட்டை கூடவே கூடாது.

காலிபர் முடிவானதும் ஒரே பிராண்டை மூட்டையாக வாங்கிவிடாதீர்கள். மூன்று வகைப் போட்டித் தோட்டாவில் இரண்டிரண்டு பெட்டி வாங்கி, வேகம் அளக்கும் குரோனோகிராஃப் வைத்து, 100 மீட்டரில் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சுடுங்கள். மூன்று குண்டு ஒரே ஓட்டையில் விழுந்தது என்று மகிழ்ந்துவிட வேண்டாம், பத்தில்தான் உண்மை வெளியே வரும். குழுவின் அளவோடு வேக வித்தியாசத்தையும் பாருங்கள்: 6.5-இல் நொடிக்கு 10 மீட்டர் வேகம் கூடிக் குறைந்தால் 1000 கஜத்தில் இருபது சென்டிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், 100 மீட்டர் காகிதத்தில் அது கண்ணுக்கே தெரியாது. எது நிதானமாக வருகிறதோ அதன் பெட்டியைத் திருப்பி, மூலையில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணை (ஒரே தொகுப்பில் தயாரானதைக் காட்டும் எண்) குறித்துக்கொண்டு, அதே எண்ணில் ஒரு சீசனுக்குத் தேவையானதை வாங்கி உலர்ந்த இடத்தில் வையுங்கள்.