பழைய குடும்ப பைபிளின் படங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்டோரியா காலத்துக் குடும்ப பைபிள் கைக்குக் கிடைத்தால் யாரும் முதலில் புரட்டுவது படங்களைத்தான். தவறுகளும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

'டோரே செதுக்கிய படம்' என்பார்கள். பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே வரைந்தாரே தவிர, செதுக்கவில்லை. 1866இல் பிரான்சின் தூர் நகரில் வெளிவந்த பைபிளுக்காக அவர் வரைந்த 200க்கும் மேற்பட்ட படங்களை பாக்ஸ்வுட் என்ற கெட்டி மரத்தின் கட்டைகளில் அச்சுக்காகச் செதுக்கியவர்கள் பிசான், பன்மாக்கர் போன்ற தொழில் வல்லுநர்கள். படத்தின் அடியில் ஒரு மூலையில் டோரே பெயர் இருந்தால், மறு மூலையில் செதுக்கியவர் பெயர் இருக்கும். அந்த மறு மூலையைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

கோடு மெலிதாக இருந்தாலே எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படம் என்று முடிவு கட்டுவதும் தவறு. மரக்கட்டையில் மேடான பகுதி மை பிடிக்கும். அதனால் எழுத்தோடு சேர்த்தே ஒரு பக்கத்தில் அச்சிட முடியும். எஃகுத் தகட்டில் மை பள்ளத்தில் நிற்கும். ஈரத்தாளை அழுத்தித்தான் எடுக்க வேண்டும், ஆகவே தனித்தாள். ஓரத்தில் தகடு பதிந்த தடமும் தெரியும், பைண்டிங்கில் வெட்டுப்படாமல் இருந்தால். இன்னொன்று: பாக்ஸ்வுட் பருமனாக வளராது. பெரிய படத்துக்குப் பல துண்டுகளை இறுக்கிச் சேர்ப்பார்கள். இருண்ட வானத்தின் குறுக்கே முடி மாதிரி நேராக ஒரு வெள்ளைக்கோடு ஓடினால், கீறல் என்று நினைத்து மை தடவிவிடாதீர்கள். அது கட்டைகள் சேர்ந்த இடமாக இருக்கலாம். லென்ஸ் வைத்து அதைக் கண்டுபிடிப்பது எனக்குத் தனிச் சுகம்.

பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவே பிறப்பு, திருமணம், இறப்பு எழுதும் பக்கங்கள் பெரும்பாலும் இருக்கும். அங்குள்ள முதல் தேதியை அச்சான ஆண்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தாத்தா பாட்டி காலத்தையும் பின்னாளில் எழுதிச் சேர்த்திருப்பார்கள்.

சரி, விலை? இவை ஏராளமாக அச்சானவை, பெரும்பாலானவற்றுக்குப் பெரிய விலை கிடைக்காது. அதற்காகப் படங்களை வெட்டிச் சட்டம் போட்டு விற்பதுதான் இருப்பதிலேயே மோசமான வேலை. கிழிசலுக்கு செலோடேப் ஒட்டுவது அதற்கு அடுத்தது: பசை பழுத்து, தாளுக்குள் இறங்கி, கறையாகிவிடும். பழுப்புப் புள்ளிகளுக்கு பிளீச்சிங் வேண்டவே வேண்டாம். படத்துக்கு மேல் இருக்கும் மெல்லிய தாள் பழுத்திருந்தால், அமிலமில்லாத தாளாக மாற்றலாம். ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் உரிக்காதீர்கள். மையும் கூடவே வந்துவிடும்.