ராஸ்பெர்ரி பைக்கு மாற்றாக விலை குறைந்த நகல் பலகையை வாங்குவது எப்படி

2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் அறிமுகமான ராஸ்பெர்ரி பை, உள்ளங்கையளவே ஆன ஒரு முழுக் கணினியை மாணவர்களின் கைக்கு எட்டச் செய்தது. அதன் வெற்றியைத் தொடர்ந்து ஆரஞ்சு பை, பனானா பை, லெ பொட்டேட்டோ எனப் பல கணினிப் பலகைகள் (ஒரே சுற்றுப்பலகையில் அமைந்த கணினிகள்) அதே வடிவத்தில் சந்தைக்கு வந்தன. 2021-க்குப் பின் சில்லுத் (சிப்) தட்டுப்பாட்டால் அசல் பலகை கிடைப்பதே அரிதானபோது, பலரும் இவற்றை நாடினர். குறைந்த விலையில் கூடுதல் நினைவகம் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நினைவகத்தை அன்று. அந்தப் பலகைக்கான மென்பொருளை இன்றும் யாராவது பராமரித்து வருகிறார்களா என்பதைத்தான்.

அதற்குக் காரணம் உண்டு. ராஸ்பெர்ரி பையின் மையமான பிராட்காம் சில்லு மற்ற நிறுவனங்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. தென் கொரியாவின் ஹார்ட்கர்னல் நிறுவனம் 2014-இல் அதே சில்லைக் கொண்டு ஓட்ராய்டு-டபிள்யூ என்ற சிறு பலகையை உருவாக்கியது. சில்லு தொடர்ந்து கிடைக்காததால் அதன் உற்பத்தி விரைவிலேயே நின்றது. ஆகவே இன்று நகல் என்று விற்கப்படுபவை வடிவத்தையும், பிற கருவிகளை இணைப்பதற்கான 40 உலோக ஊசிகளின் (பின்களின்) வரிசையையும் மட்டுமே ஒத்திருக்கின்றன. உள்ளே இருப்பது ஆல்வின்னர், ராக்சிப், ஆம்லாஜிக் போன்ற வேறு நிறுவனங்களின் சில்லு. ராஸ்பெர்ரி பை இயங்குதளம் எழுதிய மெமரி கார்டை இவற்றில் செருகினால் எதுவும் தொடங்காது.

எனவே ஒரு பலகை பிடித்திருந்தால், விலையைப் பார்ப்பதற்கு முன், இத்தகைய பலகைகளுக்கு லினக்ஸ் இயங்குதளத்தைத் தயாரித்து வழங்கும் ஆர்ம்பியன் திட்டத்தின் தளத்தில் அதன் பெயரைத் தேடுங்கள். அங்கே அண்மைய லினக்ஸ் கெர்னலுடன் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிவிறக்கம் இருந்தால் அது நல்ல அறிகுறி. தயாரிப்பாளர் தந்த பழைய கெர்னல் மட்டுமே இருந்தால், பாதுகாப்புத் திருத்தங்கள் ஒருநாள் நின்றுவிடும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். லெ பொட்டேட்டோ வேகத்தில் பின்தங்கியதுதான். வைஃபையும் அதில் இல்லை. ஆயினும் அதன் ஆம்லாஜிக் சில்லுக்கு லினக்ஸின் மைய வெளியீட்டிலேயே ஆதரவு இருப்பதால், முதன்முறை வாங்குபவருக்கு வேகமான பல பலகைகளைவிட அதையே பரிந்துரைப்பேன்.

அடுத்து, எந்த வேலைக்காக வாங்குகிறீர்கள் என்று தீர்மானியுங்கள். விளம்பரத் தடுப்பு, கோப்புப் பகிர்வு, சிறிய இணையச் சேவையகம் போன்ற வேலைகளுக்கு நகல் பலகை நன்றாகப் பொருந்தும். கேமராவோ பின்களில் இணைக்கும் துணைப் பலகையோ தேவையென்றால் மிகுந்த கவனம் வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆரஞ்சு பை ஜீரோ 2டபிள்யூ, ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூவின் அதே 65×30 மி.மீ. அளவில், அதன் 512 எம்பி நினைவகத்துக்கு மாறாக 4 ஜிபி வரை கிடைக்கிறது. ஆனால் கேமரா இணைப்பு அதில் இல்லை. பின்களின் இடம் ஒன்றாக இருந்தாலும் எண் வேறு. ஆல்வின்னர் சில்லில் ஏ, பி, சி, டி என்ற வரிசைகள் ஒவ்வொன்றிலும் 32 எண்கள் உண்டு. டி வரிசையின் 14-ஆவது பின்னை லினக்ஸ் 3×32+14, அதாவது 110 என்று அழைக்கும். ராஸ்பெர்ரி பைக்கு எழுதிய பைத்தான் நிரலை மாற்றாமல் இயக்கினால், பின்னில் இணைத்த விளக்கு எரியாது. பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை என்பதும் நினைவிருக்கட்டும். 5 வோல்ட் பட்டால் சில்லு பழுதாகிவிடும்.

விலையை ஒப்பிடும்போது பலகையை மட்டும் ஒப்பிடக் கூடாது. அடாப்டர், வெப்பத்தகடு, மெமரி கார்டு, தேவையெனில் வைஃபை டாங்கிள் ஆகியவற்றையும் கூட்டிப் பாருங்கள். ஆரஞ்சு பை பிசி பலகையில் மைக்ரோ யூஎஸ்பி துளை இருந்தாலும் அதன்வழி மின்சாரம் ஏறாது, 4 மி.மீ. உருளைப் பின் கொண்ட தனி அடாப்டர் வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் பொருள் மாறும்: ஆரஞ்சு பை 5-இல் வைஃபை இல்லை, எஸ்எஸ்டிக்கான (வேகமான சேமிப்புச் சாதனம்) இடம் உண்டு; 5பி-யில் வைஃபை உண்டு, அந்த இடம் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், முழு மாதிரிப் பெயரும் நினைவக அளவும் ரசீதில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கேளுங்கள். எல்லாம் சேர்த்து அசல் பலகையின் விலையை நெருங்கிவிட்டால் அசலையே வாங்குவது நல்லது. மேசைக் கணினியாக மட்டும் பயன்படுத்த நினைப்பவர், அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கப்படும் பழைய மினி பிசிக்களையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

வாங்கியபின், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். போலி மெமரி கார்டுகள் ஏராளம் என்பதால், முதலில் கார்டை எஃப்3 என்ற இலவச நிரலால் முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துப் பாருங்கள். பின்னர் பலகையை ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டு வெப்பநிலையைக் கவனியுங்கள். லினக்ஸ் அதை ஆயிரத்தால் பெருக்கிக் காட்டும் என்பதால் 65000 என்றால் 65 டிகிரி செல்சியஸ். 80-ஐத் தாண்டினால் வெப்பத்தகடு கட்டாயம். இடையில் தானாக அணைந்து மீண்டும் தொடங்கினால், பலகையைக் குறை சொல்வதற்கு முன் தடித்த கம்பியுள்ள வேறு கேபிளில் முயலுங்கள். மெல்லிய கேபிளில் 5 வோல்ட் பலகையை அடைவதற்குள் குறைந்துவிடுகிறது. எல்லாம் சரியாக இயங்கினால், அந்த இயங்குதளக் கோப்பின் ஒரு பிரதியை உங்கள் கணினியில் சேமித்து வையுங்கள். சிறு நிறுவனங்களின் பதிவிறக்க இணைப்புகள் சில ஆண்டுகளில் காணாமல் போய்விடக்கூடும்.