உளித்தடத்தை அழிக்காதீங்க: அரூபச் சிற்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரூபச் சிற்பத்தில் கண், மூக்கு, முகம் எதுவும் கிடையாது. பார்க்கிறவரை நிறுத்தி வைப்பது பொருளும் அதன் மேற்பரப்பும்தான், அதனால் அங்கே செய்கிற தவறு மறைவதற்கு இடமே இல்லை.

நான் அதிகம் பார்க்கிற தவறு, கல் முழுவதையும் ஒரே மாதிரி வழவழவென்று தேய்த்துவிடுவது. திருமுருகன்பூண்டிப் பட்டறைகளில் கருங்கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்க. உளி பட்ட இடம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருக்கும், பாலிஷ் ஏறிய இடம் கன்னங்கரேலென்று இருக்கும். கல் ஒன்றுதான், நொறுங்கிய பரப்பு வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெளுப்பாகத் தெரிகிறது. இரண்டு நிறத்தைக் கல்லே கொடுக்கும்போது ஒன்றை ஏன் அழிக்க வேண்டும்? தேய்க்கும் முன் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்க, நனைந்த இடம் பாலிஷ் நிறத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், எதுவரை தேய்ப்பது என்று அப்போதே முடிவு செய்யலாம். ருமேனியாவில் பிறந்த சிற்பி பிரான்குசி வெண்கலத்தைக் கண்ணாடி போல மினுக்கிவிட்டு, அதைக் கரடுமுரடாகச் செதுக்கிய மரத்தின் மேலும் கல்லின் மேலும் நிறுத்தினார். அந்த முரட்டுத்தனம் பக்கத்தில் இருப்பதால்தான் மினுக்கு எடுபடுகிறது.

அடுத்தது இரும்பு. கோவை பவுண்டரியில் வார்த்து எடுத்த துண்டில் அச்சு மணலின் சொரசொரப்பான தோல் அப்படியே இருக்கும். எனக்கு அதைவிட அழகான பரப்பு கிடையாது. அதை கிரைண்டரில் வழித்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தால் அது பம்ப்செட் உறுப்பு மாதிரி ஆகிவிடுகிறது. துருவையும் யோசிக்காமல் விடாதீங்க. கார்டென் என்கிற கலப்பு எஃகில் துரு இறுகி உள்ளே இருப்பதைக் காக்கும், சாதா இரும்புத் தகட்டில் அது செதில் செதிலாக உதிர்ந்துகொண்டே போகும். வெளியில் வைக்கப் போகிறீர்கள் என்றால் இதை முதலிலேயே முடிவு செய்யுங்க.

பொள்ளாச்சிக் கயிறு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, பசையில் முக்கி விறைப்பாக்கிவிடுகிறார்கள். தொங்குவதும் மடிவதும்தானே கயிற்றின் குணம்? இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜி சணல் கயிற்றைக் கையாலேயே முடிச்சு முடிச்சாகப் போட்டுப் பெரிய உருவங்களை எழுப்பினார். அவற்றின் மடிப்புகளில் கயிற்றின் கனம் தெரியும்.

அப்புறம், ஒரே சிற்பத்தில் கல், கண்ணாடி, பித்தளை, மரம் எல்லாம் வேண்டாம். இரண்டு போதும்.

கடைசியாக வெளிச்சம். நேர் எதிரே விளக்கு வைத்தால் உளித்தடம் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில், தாழ்வாக ஒரு பல்பைப் பிடித்துச் சிற்பத்தைச் சுற்றி வாங்க, ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு நிழல் எழும்பும்.